ஜப்பானிய வெந்நீர் ஊற்று விடுதியில் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானில் வேலை பார்ப்பதால், சுற்றிப் பார்க்க வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் டிக்கெட் போட்ட கையோடு எனக்குத்தான் போன் செய்வார்கள். பாதிக் கேள்விகள் ஒரே விஷயத்தைப் பற்றியவை: வெந்நீர் ஊற்று உள்ள பழைய பாணி விடுதியில் ஒரு ராத்திரி தங்குவது. ஊற்றை இங்கே ஒன்சென் என்பார்கள், விடுதியை ரியோகான் என்பார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலையும் சேர்த்துவிட்டேன்.

கீழே பல பதில்கள் "புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்" என்றுதான் போய் நிற்கும். முன்கூட்டியே சொன்னால் ரியோகான்காரர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு ஏற்பாடு செய்வார்கள். போய் இறங்கிய பிறகு கேட்டால், தலை குனிந்து மன்னிப்புக் கேட்பார்களே தவிர, பெரும்பாலும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ரியோகான்னா என்ன? ஹோட்டல்லயும்தான் வெந்நீர்க் குளியல் இருக்கே, என்ன வித்தியாசம்?

ஹோட்டலில் அறைக்குக் காசு கொடுக்கிறீர்கள், எப்போது வேண்டுமானாலும் வரலாம் போகலாம். ரியோகானில் பிற்பகல் மூன்று மணியிலிருந்து மறுநாள் காலை பத்து மணி வரை அவர்கள் போட்டு வைத்திருக்கும் ஒழுங்குக்குள் போகிறீர்கள். போனதும் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும். அப்புறம் குளியல். ஆறு, ஆறரைக்கு இரவுச் சாப்பாடு. சாப்பிட்டுத் திரும்புவதற்குள் அறையில் மெத்தை விரித்திருப்பார்கள். காலையில் எழுந்து மறுபடி ஒரு குளியல், எட்டு மணி வாக்கில் சாப்பாடு, பத்து மணிக்குப் பெட்டியோடு வாசல்.

இது மிகப் பழைய தொழில். யமனாஷி மாநிலத்தில் மலைக்குள் இருக்கும் கெய்உன்கான் விடுதி 705ஆம் ஆண்டில் தொடங்கியது. உலகின் மிகப் பழைய ஹோட்டல் என்று கின்னஸில் இருக்கிறது. இஷிகாவா மாநிலத்து ஹோஷி விடுதி 718இல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். இன்னொன்று: பெயரில் "ஹோட்டல்" என்று இருந்தாலும் உள்ளே ரியோகானாகவே நடக்கும் இடங்கள் ஹகோனே போன்ற ஊர்களில் நிறைய உண்டு. பெயரைப் பார்க்காமல், பாய்த் தரை அறையா, இரண்டு வேளைச் சாப்பாடு சேர்த்தா என்று பாருங்கள்.

ஒரு ராத்திரிக்கு எவ்வளவு ஆகும்? ரூமுக்கா, ஆளுக்கா?

ஆளுக்கு. இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து, சுமாரான நல்ல இடத்தில் ஆளுக்கு 15,000 முதல் 30,000 யென் வரை ஆகும். ஒரு யென் அரை ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அறையிலேயே வெந்நீர்த் தொட்டி என்றால் அதற்கு மேல் போகும். சனிக்கிழமை இரவு, ஏப்ரல் கடைசி மே முதல் வார விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபொன் பண்டிகை, புத்தாண்டு, இந்த நாட்களில் விலை ஏறிவிடும், இடமும் கிடைக்காது. செவ்வாய், புதனில் போனால் அதே அறை கணிசமாகக் குறைந்த விலைக்கு வரும்.

குளியல் வரி என்று ஒன்று தனியாக வாங்குவார்கள். பெரும்பாலான ஊர்களில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 150 யென். அதைப் பல இடங்களில் போய்ச் சேர்ந்த பிறகுதான் கேட்பார்கள். சின்ன விடுதிகளில் கார்டு எடுக்காமலும் இருக்கலாம், கையில் ரொக்கம் இருக்கட்டும்.

தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே ஆளுக்கு அறை தராத விடுதிகள் இன்னும் இருக்கின்றன, தந்தாலும் கூடுதலாகக் கேட்பார்கள். செலவு கட்டுப்படி ஆகவில்லை என்றால் மின்ஷுகு பாருங்கள். ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே நடத்தும் விடுதி. மெத்தையை நீங்களே விரிக்க வேண்டியிருக்கும், சாப்பாடு எளிமையாக இருக்கும், வெந்நீர் என்னவோ அதே வெந்நீர்தான்.

எந்த ஊருக்குப் போகலாம்? டோக்கியோல இருந்து கிட்டக்க இருக்கணும்.

கிட்டக்க என்றால் ஹகோனே. ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ரொமான்ஸ்கார் ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஹகோனே-யுமோதோ. வெளிநாட்டவரைப் பார்த்துப் பழகிய ஊர், ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். ஆனால் கூட்டம். அதாமி இன்னும் கிட்டே, ஷின்கான்சென் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

என்னைக் கேட்டால், ஹகோனேயைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து குசாட்சு போகச் சொல்வேன். டோக்கியோவின் உஎனோ நிலையத்திலிருந்து ரயில், பிறகு பஸ், மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும். ஊர் நடுவில் யுபதாகே என்று வெந்நீர் கொதித்து வழியும் பெரிய திடல். அந்த நீரை வரிசையாக மரத் தொட்டிகளில் ஓட விட்டு ஆற வைக்கிறார்கள். பச்சைத் தண்ணீர் கலந்தால் ஊற்றின் வீரியம் போய்விடும் என்று, நீளமான பலகைகளால் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வெந்நீரைப் புரட்டி ஆற்றும் வழக்கமும் அங்கே உண்டு. இப்போது அது பார்வையாளர்களுக்கான நிகழ்ச்சியாக நடக்கிறது.

கியோட்டோ, ஒசாகா பக்கம் தங்குகிறவர்களுக்குக் கினோசாகி. ரயிலில் இரண்டரை மணி நேரம். ஏழு பொதுக் குளியல் வீடுகளுக்குப் பெயர் போன சிறிய ஊர், விடுதியில் தங்கினால் அவற்றுக்கு அனுமதிச் சீட்டு இலவசம். எல்லாரும் யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கியைக் கட்டிக்கொண்டு, மரச் செருப்பு டக் டக்கென்று ஒலிக்க, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே இருப்பார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியவில்லை. அவசரமாக ஒரு பகல் மட்டும்தான் இருக்கிறது என்றால், கோபேக்குப் பின்னால் மலையில் அரிமா. இரும்புச் சத்தால் செம்பழுப்பாக இருக்கும் "தங்க நீர்" அங்கே பிரபலம்.

சாயங்காலம் எத்தனை மணிக்குப் போகணும்? ஒன்பது மணிக்குப் போனா சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்காது. பல இடங்களில் ஆறரை, ஏழு மணிக்கு மேல் வந்தால் இரவுச் சாப்பாடு கிடையாது, காசும் திரும்ப வராது. பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்களை ஒவ்வொன்றாக, அதனதன் சூட்டில் கொண்டுவந்து வைக்கும் சமையல் அது. சமையலறை உங்கள் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைக்கும்.

"காலையில் ஒரு கோயில், மத்தியானம் ஒரு கோட்டை, அப்படியே ராத்திரி ரியோகான்" என்று திட்டம் போடாதீர்கள். மூன்று மணிக்கு அங்கே இருங்கள். கொடுத்த காசுக்கு முழுப் பலன் சாப்பாட்டுக்கு முன் ஒரு குளியல், படுக்கும் முன் ஒன்று, காலையில் ஒன்று என்று மூன்று குளியலில்தான் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து விடுதி வண்டி வருமா என்றும் கேளுங்கள். வரும் என்றால் எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று முந்தின நாளே சொல்ல வேண்டும்.

எங்ககிட்ட பெரிய சூட்கேஸ் மூணு இருக்கே?

கொண்டு போகாதீர்கள். டக்குபின் என்ற பார்சல் சேவையில், இன்று தங்கியிருக்கும் ஹோட்டலிலிருந்து அடுத்துத் தங்கப் போகும் நகர ஹோட்டலுக்கே பெட்டியை அனுப்பிவிடலாம். வரவேற்பு மேசையில் கேட்டால் படிவம் தருவார்கள், பெரும்பாலும் மறுநாள் போய்விடும். ரியோகானுக்கு ஒரு தோள்பை போதும். யுகாதா, துண்டு, சோப்பு, ஷாம்பு, பல் துலக்கி எல்லாம் அங்கேயே இருக்கும்.

செருப்பை எங்க விடணும்? ரூம் ரூமா வேற வேற செருப்பு வெச்சிருக்காங்களாமே?

வாசலில் காலணியைக் கழற்றியதும் உள்ளே போட ஒரு செருப்பு தருவார்கள். அது நடைபாதைக்கு. பாய்த் தரை அறையின் வாசலில் அதையும் கழற்றிவிட வேண்டும். தாதாமி என்ற அந்தப் பாய் மேல் வெறுங்கால் அல்லது காலுறை மட்டும். கழிவறைக்குத் தனிச் செருப்பு வாசலிலேயே இருக்கும், வெளியே வரும்போது அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். கழிவறைச் செருப்போடு நடைபாதையில் வலம் வருவதுதான் வெளிநாட்டவரின் அடையாளம்.

தாதாமி கோரையில் நெய்தது, கறை பிடித்தால் போகாது. பெட்டியைச் சக்கரத்தில் உருட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள். அறையின் ஒரு பக்கம் தொங்கும் ஓவியமோ பூவோ வைத்த சின்ன மாடம் இருக்கும். அது பெட்டி வைக்கும் இடமல்ல, பிள்ளைகள் ஏறி உட்காரும் இடமும் அல்ல. காகிதக் கதவில் சின்னப் பிள்ளைகள் விரலை விட்டுப் பார்ப்பார்கள், அதில் ஒரு கண் இருக்கட்டும்.

தரையிலதான் படுக்கணுமா? அம்மாவுக்கு மூட்டுவலி, கீழ உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது.

வழக்கம் அப்படித்தான், ஆனால் கட்டில் போட்ட பாய்த் தரை அறைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. புக் செய்யும்போதே கட்டில் அறை என்று தேடுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி மேசை உண்டா என்றும் கேளுங்கள். அறைக்குள் கால் இல்லாத, முதுகு மட்டும் உள்ள ஒரு நாற்காலி இருக்கும். அது மூட்டுவலிக்காரர்களுக்கு உதவாது. பழைய மரக் கட்டடங்களில் லிஃப்ட் இல்லாமல் இருப்பதும், குளியலுக்கு நாற்பது படி இறங்க வேண்டியிருப்பதும் சகஜம். அதையும் கேட்டுவிடுங்கள்.

நிஜமாவே துணி இல்லாமத்தான் குளிக்கணுமா? நீச்சல் டிரெஸ் போட்டுக்கிட்டா?

நிஜமாகவே. பொதுத் தொட்டியில் துணி எதுவும் கூடாது. நீச்சல் உடையும் அழுக்கு என்பதுதான் அவர்கள் கணக்கு. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஆணும் பெண்ணும் ஒன்றாகக் குளிக்கும் பழைய வழக்கம் அகிதாவின் ட்சுருநோயு, அஓமோரியின் சுகாயு போன்ற சில இடங்களில் மிச்சம் இருக்கிறது, தெரியாமல் போய் நுழைய வாய்ப்பில்லை.

உள்ளே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஐந்து வயதிலிருந்து பாட்டியோடு வந்து பழகியவர்கள் அவர்கள். கைக்குட்டை மாதிரி நீளமாக ஒரு சின்னத் துண்டு தருவார்கள், நடக்கும்போது முன்னால் பிடித்துக்கொள்ளலாம். முதல் ஐந்து நிமிடம்தான் சங்கடம்.

அதெல்லாம் முடியாது. எனக்குக் கூச்சம். தனியா குளிக்க வழி இருக்கா?

இரண்டு வழி உண்டு. ஒன்று, அறையிலேயே திறந்தவெளித் தொட்டி உள்ள அறை. செலவு அதிகம், ஆனால் ராத்திரி முழுக்க உங்களுடையது. இன்னொன்று, கஷிகிரி அல்லது குடும்பக் குளியல்: பூட்டிக்கொள்ளக்கூடிய தனித் தொட்டியை நாற்பத்தைந்து நிமிடம், ஐம்பது நிமிடம் என்று வாடகைக்கு விடுவார்கள். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் இரண்டாயிரம் மூவாயிரம் யென். போனவுடன் நேரம் பதிந்துகொள்ளுங்கள், இரவு ஒன்பது மணி போன்ற நேரத்தையெல்லாம் மற்றவர்கள் சட்டென்று பதிந்துவிடுவார்கள்.

கணவன் மனைவி, சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம், பெற்றோரோடு வருபவர்கள், எல்லாருக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். கீழே வரும் பாதிப் பிரச்சினைகளுக்கும் இதுவே விடை.

சரி, உள்ள போனதும் என்ன செய்யணும்? வரிசையாச் சொல்லுங்க.

வாசலில் துணித் திரை தொங்கும். பெரும்பாலும் நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பாருங்கள்: மேலே நான்கு கட்டமாகப் பிரித்த பெட்டி இருந்தால் ஆண், பெட்டி இல்லாமல் ஒன்றையொன்று வெட்டும் மூன்று கோடுகள் என்றால் பெண். ராத்திரியோ விடியற்காலையோ இரண்டு பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள், இரண்டு தொட்டியையும் எல்லாரும் அனுபவிக்கட்டும் என்று. நேற்று போன வழியில் தூக்கக் கலக்கத்தோடு போகாதீர்கள்.

துணியைக் கூடையில் வைத்துவிட்டுச் சின்னத் துண்டோடு உள்ளே போனால், சுவரோரம் முக்காலியும் கைக்குழாயும் இருக்கும். உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட வேண்டும். அழுக்குப் போகக் குளிப்பது இங்கேதான், தொட்டி ஊறுவதற்கு. தலையில் எண்ணெய் வைத்திருந்தால் ஷாம்பு போட்டு முழுக்க எடுத்துவிடுங்கள், முகத்தில் மஞ்சள் இருந்தால் அதையும். நுரை ஒரு சொட்டு இல்லாமல் அலசிவிட்டு, முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மெதுவாக இறங்குங்கள். துண்டு தண்ணீரில் படக்கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். முங்கக் கூடாது, நீந்தக் கூடாது. போன் உள்ளே கொண்டுபோகவே கூடாது.

வெளியே வரும்போது உடை மாற்றும் அறைக்குள் காலடி வைப்பதற்கு முன்பே அந்தச் சின்னத் துண்டால் உடம்பை ஒற்றிக்கொள்ளுங்கள். மறுபடி குழாயில் அலச வேண்டியதில்லை, ஊற்றின் உப்புகள் தோலில் இருந்தால் நல்லது என்பார்கள். கந்தகமும் அமிலமும் உள்ள நீர் என்றால் மட்டும், மென்மையான தோல்காரர்கள் அலசிவிடுவது நல்லது.

ரொம்பச் சுடுமா? அப்பாவுக்கு பிபி இருக்கு.

பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி. நம் வீட்டு வெந்நீரைவிடச் சூடு, அதோடு கழுத்து வரை மூழ்கி இருப்பது வேறு விஷயம். முதல் தடவை ஐந்து நிமிடம், எழுந்து உட்கார்ந்து, மறுபடி ஐந்து நிமிடம். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம், குடித்துவிட்டு நிச்சயமாக வேண்டாம். அறையில் வைத்திருக்கும் தேநீரையும் இனிப்பையும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள், வெறும் வயிற்றில் தலை சுற்றாமல் இருக்க.

ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் கிளம்பும் முன் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். குளிர்காலத்தில் ஆபத்து சூட்டில் மட்டும் இல்லை. குளிர்ந்த அறையில் துணியைக் கழற்றிவிட்டுச் சட்டென்று சூட்டில் இறங்கும்போது ரத்த அழுத்தம் ஏறி இறங்கும். கால், இடுப்பு, தோள் என்று கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஊற்றிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். தனியாக அனுப்பாதீர்கள்.

கையில பச்சை குத்தியிருக்கேன். உள்ள விடுவாங்களா? மருதாணி போட்டிருந்தா?

இங்கே பச்சை என்றால் யகுசா என்ற குற்றக் கும்பலின் நினைவுதான் முதலில் வரும். ஜப்பான் சுற்றுலாத் துறை 2015இல் விடுதிகளிடம் கேட்டபோது சுமார் 56 சதவீதம் அனுமதிப்பதில்லை என்றன. இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. சின்னதாக இருந்தால் தோல் நிற ஒட்டியால் மறைத்துக்கொண்டு வரச் சொல்லும் இடங்கள் உண்டு, கினோசாகியின் பொதுக் குளியல் வீடுகள் தடையே போடுவதில்லை. பாட்டி காலத்துக் கைப்பச்சைக்கும் இதே விதிதான். அது நம் ஊர் வழக்கம் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

மருதாணியைப் பச்சை என்று நினைத்துக்கொள்வார்கள், அது நடக்கக்கூடியதுதான். கல்யாணமான கையோடு வருபவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். தனிக் குளியல் எடுத்துவிட்டால் இந்தப் பேச்சே இல்லை.

தாலியைக் கழட்டணுமா? மெட்டி?

கழுத்தில் சங்கிலி இருப்பதற்காகப் பொதுவாக யாரும் தடுக்க மாட்டார்கள். பிரச்சினை தண்ணீரில் இருக்கிறது. கந்தக ஊற்றில் வெள்ளி கறுத்துவிடும்: மெட்டி, கொலுசு, பிள்ளைகளின் அரைஞாண், எல்லாம். அதற்கு நிமிடக் கணக்கே போதும். சொக்கத் தங்கம் மாறாது, ஆனால் நம் நகைகளில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் மங்க வாய்ப்பு உண்டு. அறையில் பூட்டுப் பெட்டி இருக்கும்.

தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கந்தகம் இல்லாத ஊற்றுள்ள ஊராகப் பார்த்துப் போகலாம்; கிஃபு மாநிலத்து கெரோவும் ஹகோனே-யுமோதோவும் பெரும்பாலும் மென்மையான காரநீர். மஞ்சள் கயிற்றில் இருக்கிறது என்றால் பொதுத் தொட்டி வேண்டாம், மஞ்சள் கரையும்.

பீரியட்ஸ் நேரத்துல குளிக்கலாமா? கர்ப்பமா இருந்தா?

மாதவிலக்கு நாட்களில் பொதுத் தொட்டியில் இறங்குவதில்லை, அது இங்கே எல்லாரும் கடைப்பிடிக்கும் மரியாதை. அறையின் குளியலறையைப் பயன்படுத்தலாம்.

கர்ப்பிணிகள் கூடாது என்று முன்பு ஊற்றின் அறிவிப்புப் பலகையிலேயே எழுதியிருப்பார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று 2014இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை நீக்கிவிட்டது. பழைய பலகைகள் சில இடங்களில் இன்னும் தொங்கலாம். மருத்துவர் சம்மதித்தால் போகலாம். மிகச் சூடான தொட்டியும் வழுக்கும் பாறைத் தரையும் வேண்டாம்.

குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

குழந்தைகளை ஏற்காத விடுதிகள் சில உண்டு, அது அவர்கள் இணையப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். டயப்பர் போடும் வயதுப் பிள்ளைகளைப் பொதுத் தொட்டியில் இறக்கக் கூடாது. அம்மாவோடு மகன், அப்பாவோடு மகள் என்று எதிர்ப்பக்கம் போவதற்கு வயது வரம்பு முன்பு தோராயமாகப் பத்து. 2020 கடைசியில் அரசு வழிகாட்டுதல் அதை ஏழாகக் குறைத்தது. சுவர்கள் மெல்லிசு, ராத்திரி ஓட்டமும் ஆட்டமும் பக்கத்து அறைக்குக் கேட்கும்.

நாங்க சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

இதுதான் கஷ்டமான கேள்வி. மீனைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டால் சைவம் ஆகிவிடாது. சமையலுக்கு அடித்தளமே தாஷி என்ற சாறு, அதைப் பெரும்பாலும் காய்ந்த கட்சுவோ மீனின் சீவலில் இருந்து எடுக்கிறார்கள். மிசோ சூப், வேகவைத்த பூசணிக்காய், டோஃபு மேல் ஊற்றும் குழம்பு, சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு, எல்லாவற்றிலும் அது இருக்கும். "சைவம்" என்று மட்டும் சொன்னால் நல்ல மனதோடு தாஷியில் வேகவைத்த காய்கறியைத் தருவார்கள். அதைப் பொய் என்று சொல்ல முடியாது, அவர்களுக்கு அது காய்கறிதான்.

அதனால் புக் செய்யும்போதே, குறைந்தது ஒரு வாரம் முன்னால், இப்படி எழுதி அனுப்புங்கள்: "நிகு மோ சகானா மோ தபெமாசென். கட்சுவோ தாஷி மோ தாமே தெசு. கொன்பு தாஷி நாரா தைஜோபு தெசு." இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டோம், மீன் சாறும் ஆகாது, கடற்பாசிச் சாறு என்றால் சரி என்று பொருள். "முடியாது" என்று பதில் வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நேர்மையான பதில் அது. "முயற்சி செய்கிறோம்" என்று இழுத்தால் வேறு விடுதி பாருங்கள்.

அப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுப்பது முதலாவது. ஆனால் மலை ஊர்களில் கடைகள் ஏழு மணிக்கே மூடிவிடும், பகலிலேயே ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்தது: கியூஷுவில் பெப்பு ஊரின் கன்னவா பகுதி. அங்கே தரையிலிருந்து பீறிடும் ஆவியில் சமைப்பது பழைய வழக்கம். நாமே காய்கறி வாங்கி ஆவியில் வேகவைத்துக்கொள்ளும் சிறு விடுதிகளும், நிமிடக் கணக்கில் ஆவி அடுப்பு வாடகைக்கு விடும் பொது இடமும் உண்டு. சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் சோளத்தையும் அதில் வேகவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்; கட்சுவோ மீனுக்கு அங்கே வேலையே இல்லை. மூன்றாவது, வாகயாமா மாநிலத்துக் கோயாசான் மலை. அங்கே சுமார் ஐம்பது பௌத்த மடாலயங்களில் தங்கலாம், சாப்பாடு பாரம்பரியமாகவே சைவம், பூண்டு வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. ஆனால் வெந்நீர் ஊற்று அங்கே அரிது, குளியல் பெரும்பாலும் சாதாரண வெந்நீர்தான்.

ரூம்ல குக்கர் வெச்சு சாதம் வடிச்சுக்கலாமா? புளிக்காய்ச்சல் கையில இருக்கு.

வேண்டாம். மரக் கட்டடம், தீ பற்றிய பயம் அவர்களுக்கு ரொம்ப உண்டு. வாடையும் பாயில் ஏறிவிடும், மஞ்சள் சிந்தினால் தாதாமி மாற்றும் செலவு உங்கள் தலையில் வரும். அறையில் கெட்டில் இருக்கும். வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா, அவல் போன்றவை போதும். கடைகளில் தயார்ச் சோற்று டப்பா கிடைக்கும், ஆனால் அதற்கு மைக்ரோவேவ் வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் நம் டப்பாவைத் திறக்கக் கூடாது.

நாங்க முஸ்லிம். பன்றி இல்லாம இருந்தா போதுமா?

பன்றியைத் தவிர்ப்பது எளிது, கவனிக்க வேண்டியது மதுவை. மிரின், சாகே என்ற அரிசி மதுக்கள் இரண்டும் குழம்பிலும் ஊறவைப்பதிலும் சாதாரணமாகச் சேரும். சைவத்துக்குச் சொன்ன மாதிரியே முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மீன் சாப்பிடுவீர்கள் என்பதால் அவர்களுக்கு வேலை பாதி குறைந்துவிடும்.

யுகாதாவை எப்படிக் கட்டணும்? வெளியில போட்டுக்கிட்டுப் போகலாமா?

உங்கள் வலப்பக்கத் துணி முதலில், அதன் மேல் இடப்பக்கம். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு மட்டும், அதனால் பார்த்தவுடன் யாராவது ஓடி வந்து திருத்துவார்கள். பெண்கள் கச்சையை இடுப்பிலும் ஆண்கள் அதற்குச் சற்றுக் கீழேயும் கட்டுகிறார்கள். சாப்பாட்டுக்கு, குளியலுக்கு, தெருவுக்கு, எல்லாவற்றுக்கும் அதோடு போகலாம். குளிருக்கு மேலே போட ஒரு அங்கி இருக்கும். விடுதி வாசலைப் பத்து, பதினொரு மணிக்குப் பூட்டிவிடும் இடங்கள் உண்டு என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

டிப்ஸ் குடுக்கணுமா?

தேவையில்லை. சேவைக் கட்டணம் பில்லிலேயே இருக்கிறது.

தண்ணி நிஜமாவே ஊத்துல இருந்துதான் வருதா, இல்ல ஹீட்டர்ல காய்ச்சி ஏமாத்துறாங்களா?

1948ஆம் ஆண்டின் ஒன்சென் சட்டப்படி, வெளிவரும்போது 25 டிகிரி சூடு இருந்தாலோ, குறிப்பிட்ட 19 சத்துகளில் ஒன்று போதிய அளவு இருந்தாலோ அது ஒன்சென்தான். அதனால் குளிர்ந்து வருவதைச் சூடாக்குவது ஏமாற்று ஆகாது. ஆனால் ஒரே நீரை வடிகட்டிக் குளோரின் போட்டுச் சுற்றவிடும் தொட்டிகளும் நிறைய உண்டு. ஊற்று நீர் புதிதாக வந்து வழிந்து ஓடும் தொட்டிக்கு கெஞ்சென் ககெநகாஷி என்று பெயர். விடுதியின் இணையப் பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

2004இல் நாகானோ மாநிலத்து ஷிராஹோனே ஊரில், பால் வெள்ளை நிறத்துக்காகத் தண்ணீரில் குளியல் பொடி கலந்தது அம்பலமாகி நாடு முழுக்கப் பெரிய பேச்சானது. அடுத்த ஆண்டிலிருந்து, தண்ணீர் கலக்கிறார்களா, சூடாக்குகிறார்களா, சுற்றவிடுகிறார்களா, ஏதாவது சேர்க்கிறார்களா என்பதை எழுதி ஒட்ட வேண்டும் என்று விதி வந்தது. உடை மாற்றும் அறைச் சுவரில் அந்தத் தாள் இருக்கும். போன் கேமராவில் மொழிபெயர்க்க ஆசை வரும், அங்கே போனை எடுக்கக் கூடாது. வரவேற்பில் கேளுங்கள்.

கடைசி நேரத்துல போக முடியலன்னா?

விடுதிக்கு விடுதி மாறும். அன்றைக்கே ரத்து செய்தாலோ சொல்லாமல் விட்டாலோ முழுப் பணமும் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் என்றால் பாதியளவு பிடிப்பது வழக்கம். சாப்பாட்டுக்குச் சாமான் வாங்கியிருப்பார்கள். ரயில் தாமதம் என்றால் உடனே போன் செய்யுங்கள். சாப்பாட்டு நேரத்தைத் தள்ளி வைக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள்.

தங்காம குளிக்க மட்டும் போய்ட்டு வரலாமா?

பல விடுதிகளில் போகலாம். தங்குபவர்கள் காலி செய்து அடுத்தவர்கள் வருவதற்கு இடையில், பெரும்பாலும் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள், ஐந்நூறு முதல் இரண்டாயிரம் யென்னுக்கு விடுவார்கள். கூட்டமான நாளில் நிறுத்திவிடுவதும் உண்டு. குமமோதோ மாநிலத்து குரோகாவாவில் ஒரு மர வில்லை வாங்கினால் அந்த ஊர் விடுதிகளில் மூன்றின் குளியலுக்குப் போகலாம், அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். துண்டு சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அங்கே வாங்குவதைவிட நகர ஹோட்டலிலிருந்து கிளம்பும்போதே ஒன்றைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது மலிவு.